மறு உலகத்தைக் காலி செய்தோம்

இந்து போன் செய்தபோது நான் கடையில் யாருடைய ஆதார் அட்டையையோ லேமினேட் செய்துகொண்டிருந்தேன். குன்னூர் பெட்போர்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சிவகுருவைத்தான் ஊருக்குத் தெரியும். அதே சிவகுரு இருபது வருஷமாகச் சூப்பர் ஹீரோ கதை எழுதுகிறவன் என்று தெரிந்தவர்களை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றினால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.

"சார், மறு உலகத்த முடிச்சுக்கலாமுங்க," என்றாள்.

இந்து கோயமுத்தூரில் பவளமணி காமிக்ஸ் நடத்துகிறவள். அவள் அப்பா கருணாகரன் ஆரம்பித்த கம்பெனி அது. பள்ளிக்கூட யூனிபார்மோடு ஆபீசுக்கு வந்து என் மேஜையில் பென்சில் சீவிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது எனக்கு முதலாளி. வருத்தமெல்லாம் இல்லை. அப்பாவைவிட நன்றாகத்தான் நடத்துகிறாள்.

"எழுநூத்தி நாப்பது பிரதிதான் போகுதுங்க சார். ஆரம்பத்துல ஆறாயிரம் போச்சு."

"தெரியுமுங்க அம்மிணி."

"சும்மா நிறுத்தினா மரியாதையா இருக்காது. ஒரு மகா சங்கமம் போட்டர்லாம். ரெண்டு உலகமும் மோதுது, மறு உலகம் எரிஞ்சு சாம்பலாகுது, நம்ம வச்சிரன் மட்டும் மிச்சம். முப்பத்திரண்டு பக்கம். விமலே வரையட்டும். நல்லா வந்துச்சுன்னா தை மாசத்துலருந்து மாச இதழ அவருக்கே குடுத்தர்றேன்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த பஸ் ஒருவழியாக வந்துவிட்டது போல இருந்தது.

வச்சிரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு மேலே பறப்பான், கெட்டவர்களை அடிப்பான், மாதாமாதம் வருவான். அவன்தான் கம்பெனிக்குச் சோறு போடுகிறவன். ஏழு வருஷத்துக்கு முன்பு கருணாகரனுக்கு ஒரு ஆசை வந்தது. அதே வச்சிரன், ஆனால் வேறொரு உலகத்தில் பிறந்தவன். இந்த உலகத்தில் நடந்த ஏதோ ஒன்று அந்த உலகத்தில் வேறு மாதிரி நடந்திருக்கும், அதனால் எல்லாமே மாறியிருக்கும். 'மறு உலகம்' என்று பெயர், மூன்று மாதத்துக்கு ஒரு இதழ். அதற்கு நான் கதை, விமல் படம்.

விமல் குந்தா போகிற வழியில் ஒரு எஸ்டேட்டில் தேயிலை பேக்கிங் செய்கிற பையனாக இருந்தான். பையன் என்கிறேன், அப்போதே இருபத்தேழு வயது. தேயிலை அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் அவன் வரைந்த படங்களைப் பார்த்துத்தான் கூப்பிட்டோம். முதல் கூட்டத்தில் எது மாறியிருக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். வெள்ளைக்காரன் வராமலே இருந்திருந்தால் என்றார் கருணாகரன். வச்சிரன் வில்லனாகப் பிறந்திருந்தால் என்றேன் நான். அதுவரை வாயைத் திறக்காத விமல் மெதுவாகக் கேட்டான்.

"சிலோன்ல யாரையும் விட்டுட்டு வரலன்னு வெச்சுக்கலாமா சார்?"

அவன் வீட்டார் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அறுபத்து நாலில் இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஜனங்களை இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் சிலோனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில் இருந்த அண்ணனுக்கு இந்தப் பக்கம், தம்பிக்கு அந்தப் பக்கம் என்று காகிதம் வந்தது. விமல் சொன்ன உலகத்தில் பிரிக்கவே இல்லை. வந்தால் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். நீலகிரி முழுக்க அவர்கள் வீடு. அந்தக் கூட்டத்தில் ஒரு லயத்தில் பிறந்தவன் மறு உலக வச்சிரன்.

பிரமாதமான யோசனை என்று நான் ஒத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதனால் ஒத்துக்கொண்டேன்.

முதல் இதழுக்கு விமலுக்குக் கூட்டம் வரைய முகம் வேண்டியிருந்தது. குழாயடி, சந்தை, பஸ் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் ஆட்கள் நிற்க வேண்டும். அவன் வீட்டில் இருந்த ஒரு பழைய போட்டோவை எடுத்துக்கொண்டான். அவன் பெரியம்மா செல்லம்மை, பத்தொன்பது வயதில் எடுத்தது. விமலின் அம்மா சின்னம்மைக்கு ஒரே அக்கா. எழுபத்து நாலில் பதினைந்து வயதுச் சின்னம்மை அப்பா அம்மாவோடு கப்பல் ஏற, அக்காவின் காகிதம் சிலோன் பக்கம் வந்துவிட்டது. எண்பத்து மூன்று வரை கடிதம் வந்தது. பிறகு இல்லை.

முதல் இதழின் நான்காம் பக்கத்தில் செல்லம்மை குடத்தோடு குழாயடியில் நின்றாள். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அம்மா ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போகவில்லை என்று விமல் சொன்னான். அதன்பிறகு ஒவ்வொரு இதழிலும் அவளைப் போட்டான். போட்டோவோ ஒன்றுதான். அதனால் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பெரியம்மாவுக்கு வயது கூட்டினான். கண்ணாடி வந்தது, நரை வந்தது, ஒரு இதழில் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் லயம் லயமாகப் பரவிவிட்டது. எங்கள் ஆளையும் கூட்டத்தில் போடுங்கள் என்று போட்டோக்கள் வர ஆரம்பித்தன. கல்யாணப் போட்டோவிலிருந்து கத்தரித்தது, பாஸ்போர்ட்டிலிருந்து பிய்த்தது, கரையான் பாதி தின்றது. போனவர்கள், காணாமல் போனவர்கள், அங்கேயே நின்றுவிட்டவர்கள். விமல் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. என் கடையில் லேமினேட் செய்து வைத்துக்கொண்டு வரைந்தான். சந்தா கூடியது, கருணாகரன் வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

கெடுத்தது நான்தான். ஒன்பதாம் இதழில் உலோகாசுரன் என்று ஒரு வில்லனைக் கொண்டுவந்தேன். ஆள் முழுக்க இரும்பு, ரயில் தண்டவாளத்தை முறுக்கிப் பல் குத்துவான். அவன் ஒரு பஸ்ஸைத் தூக்கிப் பள்ளத்தில் எறிகிறான், வச்சிரன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நான் எழுதியதிலேயே நல்ல காட்சி அதுதான் என்று இன்றும் சொல்வேன். பஸ் நிறைய ஆட்கள் என்று எழுதியிருந்தேன். விமல் வழக்கம் போல ஜன்னலுக்கு ஒரு போட்டோ வைத்து வரைந்துவிட்டான். அடுத்த பக்கத்தை அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இதழ் வந்த மூன்றாம் நாள் ராஜரத்தினம் என்று ஒருவர் கடைக்கு வந்தார். எழுபது வயது இருக்கும், பிக்கட்டி பக்கம் கேரட் தோட்டத்தில் கூலி வேலை. ஸ்வெட்டருக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"மூணாவது ஜன்னல்ல எங்க தம்பிங்கய்யா. அவன் யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சவன் இல்ல. அவன எதுக்குப் பள்ளத்துல தள்ளுனீங்க?"

"தள்ளுனது நானில்லீங்க. உலோகாசுரன்."

"அவன அங்க யாருங்கய்யா கூட்டியாந்தது?"

வாருங்கள், டீ சாப்பிடலாம் என்றேன். டீயை அவர் தொடவே இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு வாரத்தில் பதினோரு பேர் வந்தார்கள். ஒரு அம்மா எதுவும் கேட்காமல், கொடுத்த போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

பத்தாம் இதழில் பஸ் தேயிலைச் செடிகளின் மேல் விழுந்து நின்றது. எல்லோரும் இறங்கிப் புடவையையும் வேட்டியையும் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார்கள். ராஜரத்தினத்தின் தம்பியை விமல் முன்னால் நிறுத்தி, கையில் ஒரு கீறல்கூட இல்லாமல் வரைந்தான்.

அதோடு தொடர் படுத்துவிட்டது. ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வாசகர் கடிதங்கள் வந்தன. உலோகாசுரன் என்ன பஞ்சு பொம்மையா என்று ஒருவர். சூப்பர் ஹீரோ கதை வாங்கினேனா, குடும்பப் போட்டோ ஆல்பம் வாங்கினேனா என்று இன்னொருவர். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் நான் என்ன செய்வது? எந்தக் கட்டடத்தை இடித்தாலும் உள்ளே யாரோ ஒருவருடைய அப்பா இருந்தார். எந்தப் பாலத்தை உடைத்தாலும் மேலே யாரோ ஒருவருடைய தங்கை போய்க்கொண்டிருந்தாள். வில்லன் தண்ணீரை நிறுத்திப் பார்த்தான், கரண்டை நிறுத்திப் பார்த்தான். இருபதாம் இதழுக்குள் அவனுக்கும் அலுத்துப்போய் டீ பேக்டரியில் வேலைக்கு மனுப் போட்டான். வச்சிரன் ரேஷன் கடையில் வரிசையை ஒழுங்குபடுத்தினான். போன வருஷம் வந்த நாலு இதழிலும் அவன் பறக்கவே இல்லை. கவனித்து எழுதிக் கேட்டவர்கள்கூட யாருமில்லை.

இப்படி ஒரு கதையை இழுத்துக்கொண்டு போவது எவ்வளவு அலுப்பு என்று எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் இந்து சொன்னபோது எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்தது விமல்.

மறுநாள் வேலை முடிந்து, தலைமுடியில் தேயிலைத் தூசியோடு கடைக்கு வந்தான். பேக்கிங் தூசியில் இருமல் பிடித்து இரண்டு வருஷமாகிறது. மாத இதழ் கையில் வந்தால் அந்த வேலையை விட்டுவிடலாம் என்று டாக்டரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தான். சேதி முழுவதையும் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எரிக்கறது முடியாது சார்."

"மாச இதழ் வேண்டாமா உனக்கு?"

"வேணும். ஆனா அம்மாவுக்கு எழுத்து தெரியாது. புஸ்தகம் வந்தா மொதல்ல பெரியம்மாவத்தான் தேடுவாங்க. இருபத்தெட்டு புஸ்தகத்துலயும் தேடி எடுத்திருக்காங்க. இதுல எங்க சார் காட்டறது? நெருப்புக்குள்ளயா?"

"போடாம விட்டுரு."

"போடலன்னா எரிஞ்சிட்டான்னுதான் நெனப்பாங்க. இந்த ஒரு எடத்துலதான் அவங்களுக்கு அக்கா உசுரோட இருக்கா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, ஆனால் அவன்தானே எதிரில் இருந்தான். "அது மை, விமல். பேப்பர். நாளைக்குக் கடலை மடிப்பான். ஏழு வருஷமா ஒரு அடிதடி எழுத விடல நீங்க எல்லாரும் சேர்ந்து. ஒரு நியாயம் வேண்டாமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பள்ளத்துல விழுந்த பஸ்ஸ எழுப்பி விட்டது நீங்கதான சார்?"

அதற்குமேல் கத்த முடியவில்லை. எதிர்க்கடை மூடுபனியில் பாதி காணாமல் போயிருந்தது. ஒருவர் வந்து ரேஷன் கார்டு இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது.

"விமல், ஆளுங்க இருந்தாத்தான எரியும்? நெருப்பு வர்றதுக்கு முன்னாடியே எல்லாரையும் வெளிய அனுப்பிட்டா?"

"எப்படி சார்?"

"வச்சிரன் எதுக்கு இருக்கான்? அவன் அனுப்பி வெச்சுட்டான்னு ஒரு வரி போட்டரலாம். நீ வெறும் எடத்த மட்டும் வரை. வெறும் லயம், வெறும் பஸ் ஸ்டாண்டு. அது எரிஞ்சுட்டுப் போகட்டும்."

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம். கடை மூடுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். உண்மையில் அரைமணி நேர வேலைதான். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள் என்று தனியாக ஒரு காட்சி எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதற்கு எட்டுப் பக்கம் வேண்டும். இருப்பது முப்பத்திரண்டு, மோதலுக்கே பத்தாது. ஒரு வரி போதும் என்று விட்டுவிட்டேன்.

விமல் ஐந்து வாரம் வரைந்தான். அவன் கையில் வந்ததிலேயே அதுதான் உச்சம். குழாயடியில் குடங்கள் மட்டும் வரிசையில் இருந்தன. பஸ்ஸில் சீட்டுகள் மட்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு லயத்து வாசலில் பாதி கோத்த பூவும் நூலும் கிடந்தன. பிறகு வானம் கிழிந்து நெருப்பு இறங்கியது.

"சார், உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சுங்க," என்றாள் இந்து. "ஒரு ஆளுகூட இல்லாம என்ன ஒரு பயம் காட்டியிருக்காரு! மாச இதழ் விமலுக்குத்தான்னு சொல்லீருங்க."

பிரதிகள் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்தை எடுத்துக்கொண்டு மஞ்சூர் பஸ் ஏறினேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் மாத இதழ் கிடைத்த சேதியை நேரில் சொல்ல வேண்டும், சின்னம்மை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. நான் யோசித்துச் செய்த காரியம் அல்லவா.

விமல் வீடு லயத்தில் கடைசி வீடு. சின்னம்மை அப்போதுதான் விறகு கொண்டுவந்து இறக்கியிருந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது, ஆனாலும் உட்கார மாட்டார். வேலை கிடைத்த சேதியைக் கேட்டு மகனின் தலையில் கை வைத்தார். "இனிமே அந்தத் தூசி வேணாம்," என்றார். எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார்.

அவர் பார்க்கிற விதம் எனக்குத் தெரியும். படங்களை வரிசையாகப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் விரலைக் கூட்டத்தின் மேல் ஓட்டிக்கொண்டே போவார், அகப்பட்டதும் "இந்தா நிக்கிறா" என்று சிரிப்பார். இந்த முறை விரல் ஓட இடமில்லை. குழாயடியில் கொஞ்சம் நின்றது. குடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"ஆளக் காணோம்," என்றார்.

விமல் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஊரு எரியுது பாரும்மா. அதுக்கு முன்னாடியே எல்லாரையும் அனுப்பிட்டோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. பெரியம்மாவுக்கும் ஒண்ணும் ஆகல."

"அனுப்பிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க?"

விமல் என்னைப் பார்த்தான். இரண்டாம் பக்கத்தில் மேல் கட்டத்தில் என் வரி இருந்தது. அவருக்காகச் சத்தமாகப் படித்தேன். "மக்கள் அனைவரும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டார்கள்."

சின்னம்மை புத்தகத்தை மூடவில்லை. குழாயடிப் படத்திலேயே கண் இருந்தது.

"எங்களையும் நல்ல எடத்துக்குத்தான் அனுப்புறோம்னு சொன்னாங்க சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு கேட்டார், "அக்காவ யாரு கூட அனுப்புனீங்க?"

என் கையில் டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"எல்லார் கூடயும்தாங்கம்மா," என்றேன். "எல்லாரும் ஒண்ணாத்தான் போனாங்க."

"ஒரே எடத்துக்கா?"

"ஒரே எடத்துக்குத்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

இருபது வருஷம் பொய் எழுதிப் பிழைத்தவன் நான். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். போகிற வழியை அவன் வரையவில்லை, போய்ச் சேர்ந்த இடத்தை நான் எழுதவில்லை. பக்கம் பத்தாது என்று விட்டுவிட்டோம்.

"இல்லீங்கம்மா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். புத்தகத்தைத் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தார்.